பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி 3.0 கார்டை நானே மாட்டலாமா?

கேட்டவரின் நிலை இது: 2009-இல் வாங்கிய கணினி நன்றாகவே ஓடுகிறது, ஆனால் யூஎஸ்பி 2.0 மட்டும் இருப்பதால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்க மணிக்கணக்காகிறது. வேகமான யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளைத் தரும் கார்டு வாங்கி மாட்ட ஆசை, திறந்தால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயம்.

தாராளமாக மாட்டலாம். ஏறக்குறைய அதே காலத்துக் கணினியில் நானே மாட்டி இன்றும் பயன்படுத்துகிறேன். ஸ்க்ரூடிரைவரும் டார்ச் லைட்டும் இருந்தால் அரை மணி நேர வேலைதான். நான் ஒரே ஓர் இடத்தில் சிக்கி இரண்டு மாலைகளை இழந்தேன். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

கார்டு வாங்கும் முன்பே கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் (உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை) கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டுகள் இரண்டு தலைமுறையாக அக்கம்பக்கமாக இருக்கும். எட்டரை சென்டிமீட்டர் நீளத்தில் இருப்பது பழைய பிசிஐ. இரண்டரை சென்டிமீட்டரில் குட்டியாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. உங்களுக்கு வேண்டியது இந்தக் குட்டி ஸ்லாட். நிறத்தை நம்ப வேண்டாம், அது போர்டுக்குப் போர்டு மாறும். குட்டி ஸ்லாட் காலியாக இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டுக்கான நீள எக்ஸ்16 ஸ்லாட்டிலும் எக்ஸ்1 கார்டு உட்காரும். சில பழைய போர்டுகள் மட்டும் அதில் கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் முதல் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட் நொடிக்கு 250 எம்பி, இரண்டாம் தலைமுறை 500 எம்பி. யூஎஸ்பி 2.0-வில் நடைமுறையில் 30, 40 எம்பிதான் கிடைக்கும். ஆகவே சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு முதல் தலைமுறை ஸ்லாட்டே தாராளம். சுழலாத, வேகமான எஸ்எஸ்டி போட்டால்தான் இடிக்கும்.

வாங்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வரும் பவர் கேபிளைச் செருக இடம் உள்ள கார்டாகப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் வரும், யூஎஸ்பிக்கு வேண்டிய 5 வோல்ட் வராது. யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று 900 மில்லி ஆம்பியர் வரை தர வேண்டும். நான்கு போர்ட்டுக்கு 18 வாட் ஆகிறது. எக்ஸ்1 ஸ்லாட்டில் சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியது 10 வாட். அந்தக் கேபிளை மாட்டாமல் விட்டால் சில கார்டுகளில் எதுவுமே வேலை செய்யாது, சிலவற்றில் பென் டிரைவ் வேலை செய்யும், ஹார்ட் டிஸ்க் மட்டும் பாதியில் நின்று நின்று போகும்.

இனி மாட்டுவது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்துங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கார்டைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்த ஸ்லாட்டுக்குள் தூசி அடைந்திருக்கும், அதை ஊதித் தள்ளுவதைவிடக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் எடுப்பது நல்லது. ஊதினால் எச்சில் ஈரம் போய்ச் சேரும்.

நான் சிக்கியது இதற்குப் பிறகு. கார்டை அழுத்தினேன், உட்கார்ந்தது. கார்டைக் கேபினெட்டோடு பிணைக்கும் பின்பக்கத் தகடான பிராக்கெட்டின் ஸ்க்ரூவை முடுக்கினேன். விண்டோஸ் வந்தது, இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கார்டைக் காணோம். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) மாற்றி மாற்றிப் போட்டேன், பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) தேடினேன், கார்டே பழுது என்று திருப்பி அனுப்பவும் முடிவு செய்துவிட்டேன். கடைசியாக டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிராக்கெட் பக்கம் கார்டு முழுதாக இறங்கியிருக்கிறது, மறுமுனையில் ஸ்லாட்டுக்குள் போக வேண்டிய தங்க நிறக் கோடு ஒரு நகக் கனத்துக்கு வெளியே தெரிகிறது. பழைய கேபினெட்டின் தகடு லேசாக வளைந்திருந்ததால், ஸ்க்ரூவை முடுக்க முடுக்க பிராக்கெட் இழுபட்டுக் கார்டின் வாலைத் தூக்கியிருக்கிறது.

ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிராக்கெட்டின் கீழ்நாக்கு மதர்போர்டுக்கும் கேபினெட் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு விரலால் வாலை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி முடுக்கினேன். அடுத்த முறை ஆன் செய்ததும் கார்டு வந்துவிட்டது. அதனால் மூடுவதற்கு முன், ஸ்க்ரூ முடுக்கிய பிறகு, அந்தத் தங்கக் கோடு இரண்டு முனையிலும் ஒரே அளவில் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

விண்டோஸ் 7 என்றால் கார்டுக்குரிய டிரைவரை நீங்கள்தான் போட வேண்டும். விண்டோஸ் 8 முதல் அதுவே பார்த்துக்கொள்ளும், லினக்ஸில் 2009-லிருந்தே ஆதரவு உண்டு. அப்புறம் ஒன்று: கீபோர்டைப் பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து பயாஸ் இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது, கீபோர்டைப் புதிய போர்ட்டில் செருகினால் பயாஸுக்குள்ளேயே போக முடியாது. அதே காரணத்தால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவையும் பழைய போர்ட்டில்தான் செருக வேண்டும்.