ஸ்கில்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பி.காம். முடித்துவிட்டு குன்னூர், ஊட்டிப் பக்கம் வேலை தேடுகிறேன், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைத் தவிர ரெஸ்யூமில் ஸ்கில்ஸ் என்று எழுத எதுவுமே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் இல்லை? லீவில் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடுகிற இடத்தில் கணக்கு எழுதினேன் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதை ரெஸ்யூமில் சேர்க்காமல் விட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஹார்ட் ஸ்கில், சாஃப்ட் ஸ்கில் என்று இரண்டாகப் பிரிப்பதைவிட, அமெரிக்காவில் வேலைகளை ஆராய்ந்த சிட்னி ஃபைன் என்பவர் பிரித்த மூன்று வகைதான் எனக்குப் பிடித்தது. அந்த வேலைக்கு மட்டுமே உரிய அறிவு ஒன்று. கணக்குப் பார்ப்பது, புரியும்படி சொல்வது மாதிரி எங்கே போனாலும் கூடவே வருகிற திறமை இன்னொன்று. நேரத்துக்கு வருவது, கோபத்தை அடக்குவது, புது இடத்தில் பொருந்திப் போவது எல்லாம் மூன்றாவது.

இப்போது உங்கள் எடை போடும் இடத்தையே பாருங்கள். ஐப்பசி மழை, இலையெல்லாம் ஈரம், தண்ணீருக்காக எடையில் கொஞ்சம் கழித்தாக வேண்டும். மூட்டைக்கு நடுவில் கைவிட்டுப் பார்த்து, இறுக்கி அடைத்ததால் சூடேறியிருக்கிறதா, இலை சிவக்க ஆரம்பித்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது முதல் வகை. "ஏன் இவ்வளவு கழிக்கிற?" என்று கேட்கிற பெரியவருக்கு அவர் கண்ணெதிரே இலையை உதறிக்காட்டி, படுகர்களின் மொழியான படுகில் கணக்குச் சொல்லி, நோட்டில் எழுதுவது இரண்டாவது. பின்னால் வரிசையே சத்தம் போட்டாலும் குரலை உயர்த்தாமல் இருக்கிறீர்கள் பாருங்கள், அது மூன்றாவது, என்னைக் கேட்டால் அதுதான் மூன்றிலும் கஷ்டமானது.

தேயிலை பாக்டரிக்கு விண்ணப்பித்தால் இலையைப் பற்றித் தெரிந்ததை முதலில் எழுதுங்கள். ஊட்டியில் சீசனுக்கு ஆள் எடுக்கிற ஹோட்டலுக்கு அது தேவைப்படாது, ஆனால் ரூம் பில்லைப் பார்த்துக் கோபப்படுகிறவரிடம் பொறுமையாகக் கணக்கை விளக்க ஆள் வேண்டும், அதனால் அங்கே மற்ற இரண்டும் முன்னால் வரட்டும், மூன்றாவதை எப்படிக் காட்டுவது என்று கீழே சொல்கிறேன்.

குட் கம்யூனிகேஷன், டீம் பிளேயர், ஹார்ட் வொர்க்கர் என்றெல்லாம் எழுதாதீர்கள், எல்லாருடைய ரெஸ்யூமிலும் அதுதான் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. "மழைக்கால எடைக் கழிவைச் சிறு விவசாயிகளிடம் தமிழிலும் படுகிலும் விளக்கினேன், பதிவேட்டை அன்றன்றே சரிபார்த்தேன்" என்று செய்ததை அப்படியே எழுதினால் போதும், இன்டர்வியூ எடுப்பவரே அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். மூன்றாவது வகையை மட்டும் நாமே சொல்லிக்கொண்டால் எடுபடாது, கூட இருந்து பார்த்தவர் சொல்ல வேண்டும். யாரிடம் கணக்கு எழுதினீர்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ரெஃபரன்ஸில் அவர் நம்பரைக் கொடுங்கள்.

அப்புறம் டேலி. அது இருக்கட்டும், ஆனால் வெறுமனே டேலி என்று போடாமல், ஜிஎஸ்டி பில் போடத் தெரியுமா, ஸ்டாக் பார்க்கத் தெரியுமா என்று உண்மையில் செய்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.