தண்ணீர்த் தாங்கி கட்டுகிறவர்கள் கேளுங்கள், சொல்கிறேன்

ஹட்டனிலிருந்து: அண்ணா, 2000 லீட்டர் தாங்கிக்கு 20 அடித் தூண் போட்டால் ஷவரில் தண்ணீர் வேகமாக வருமா?

20 அடி என்றால் 6 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), ஆக உங்களுக்கு 0.6 பார்தான். வீட்டுக்குப் பின்னால் உறுதியான மேடு இருந்தால் 15 மீட்டர் மேலே, வெட்டிச் சமப்படுத்திய தரையில் தாங்கியை வையுங்கள், 1.5 பார் வரும், தூண் செலவும் மிச்சம். யாழ்ப்பாணத்தில் தரை தட்டை, கோபுரம் எழுப்பியே ஆக வேண்டும், நமக்கு மலையே கோபுரம். ஆனால் நிரம்பி வழியும் தண்ணீரைச் சரிவில் விடாமல் பைப் போட்டு வடிகானுக்குக் கொண்டுபோங்கள். தூண்தான் வேண்டுமென்றால் தண்ணீர் மட்டுமே 2 டன், வேறிடத்து மண்ணைக் கொட்டி நிரப்பிய தரையில் தூணின் கால்களை நிறுத்தாதீர்கள். வெறும் தாங்கியைக் காற்று தூக்கிவிடும், கட்டி வையுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: சின்ன பைப் போட்டால் அழுத்தம் கூடுமா?

கூடாது. உராய்வில் குறையும்.

தலவாக்கலையிலிருந்து: ஊற்று, எங்கள் லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) 90 மீட்டர் மேலே. இரவில்தான் பைப் மூட்டு கழல்கிறது.

இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும், 9 பாரும் அப்படியே கீழ் மூட்டில் நிற்கும். 30 மீட்டருக்கு ஒன்றாக நடுவில் இரண்டு சிறு தொட்டி கட்டி தொட்டி நிரம்பியதும் தானே மூடும் மிதவை வால்வு பூட்டுங்கள். தண்ணீர் தொட்டியில் திறந்து விழுந்தால் அழுத்தம் அங்கேயே முடிந்துவிடும், ஒவ்வொரு துண்டுக்கும் 3 பார்தான்.

மஸ்கெலியாவிலிருந்து: நிரப்பிய மண் வேண்டாம் என்கிறீர்கள். எங்களுடையது 10 வருடமாக இறுகிய மண்!

காய்ந்திருக்கும்போது இறுகியதுதான். நான் கட்டிய ஒரு கோபுரத்தில் வழியும் தண்ணீர் ஒரு காலடியில் சொட்டியதை யாரும் பார்க்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் அந்தக் கால் இரண்டு விரற்கடை இறங்கி, பீம் சேரும் இடத்தில் வெடிப்பு விழுந்தது. அன்றிரவே தாங்கியைக் காலி செய்தோம்.

மஸ்கெலியா மறுபடியும்: எங்கள் மேசன் பாஸ் 4 அடி ஆழத்துக்கு அத்திவாரம் போடுகிறாரே?

நிரப்பியது 7 அடி என்றால் 4 அடி அத்திவாரமும் அந்த மண்ணில்தானே நிற்கிறது? குழி வெட்டிப் பாருங்கள். செங்கல் துண்டு, பொலித்தீன், மக்கிய தேயிலை வேர் வந்தால் அது நிரப்பியது. ஒரே நிறத்தில், அலவாங்கால் (கடப்பாரையால்) குத்தினால் கையில் அதிரும் மண் வரும்வரை இறங்குங்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் தோண்டவே வேண்டாம். 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் லயங்களே புதைந்ததை நாம் பார்த்தோம்.

நானுஓயாவிலிருந்து: 15 அடித் தூண் போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

அப்புத்தளையிலிருந்து: நாளைக்குக் கொங்கிறீட் ஊற்றுகிறோம், நிரப்பிய மண்தான், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். குழியையும் வழியும் தண்ணீர் விழும் இடத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா, நான் பார்க்கும்வரை ஊற்ற வேண்டாம்.