மேகமலைக்கு தனி ஜிபிஎஸ் வேண்டுமா?

கேள்வி: அடிக்கடி மேகமலைக்கு காரில் போகிறோம். சின்னமனூர் தாண்டி மலை ஏறியதும் போனில் டவர் போய்விடுகிறது. தனி ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். டவர் போனாலும் செயற்கைக்கோள் சிக்னல் மலையிலும் வரும். உசிலம்பட்டியிலிருந்து மேகமலை வரையுள்ள வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போனே வழி காட்டும்.

தனிக் கருவிதான் வேண்டுமென்றால், வரைபடம் அதற்குள்ளேயே இருக்கிறதா, அப்டேட் இலவசமா என்று கேளுங்கள். அப்புறம், வெயில். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். மதுரையின் மே மாத வெயிலில் தெரிய வேண்டுமே! கடை வாசலுக்கு எடுத்து வந்து, உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பதும் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் கண் சாலையை விட்டு நகரவே கூடாது.