மாமரத்தில் தூள் கொட்டுகிறதா? தூணைப் பார்க்க வேண்டாம், தூளைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஐயா காலத்துப் பங்கனப்பள்ளி மாமரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தில் ஓட்டை விழுந்து தூள் கொட்டுகிறது. ஒரு கிளை காய்ந்துவிட்டது. வெட்டாவிட்டால் வண்டு வீட்டுக்குள் வந்து பர்மா தேக்குத் தூண்களையும் அரித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தூண்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மரத்தில் இருப்பது தண்டுத் துளைப்பான் என்கிற நீள்கொம்பு வண்டின் புழு. அந்த வண்டு முட்டையிடச் சாறு ஓடும் பச்சை மரம்தான் வேண்டும். மாவு போன்ற மெல்லிய தூளை உதிர்த்துக் காய்ந்த மரத்தை உளுக்க வைக்கும் வண்டு வேறு இனம். அதுகூட வெளுப்பான வெளிமரத்தைத்தான் தேடும். வைரம் பாய்ந்த பழைய தேக்கை அது சீண்டுவது அரிது.

மரத்தடியில் விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமாக, நாராக, சக்கையாக இருந்தால் உள்ளே புழு உயிரோடு மென்றுகொண்டிருக்கிறது. (பட்டைமேல் நூலாம்படைபோல எச்சம் ஒட்டியிருந்தால் அது வண்டே இல்லை, பட்டை தின்னும் புழு.) தாய் வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். பொரித்த புழு பட்டைக்கு அடியில் தின்னத் தொடங்கி, பிறகு தண்டுக்குள் குடைந்து போகும். பெரும்பாலும் ஓராண்டு உள்ளேயே கிடக்கும். அதனால்தான் இலையில் எத்தனை மருந்து தெளித்தாலும் அதற்குத் தெரிவதே இல்லை. மருந்துக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்து நுனியைக் கொக்கிபோல வளைத்துக்கொள்ளுங்கள். புதுத் தூள் வரும் ஓட்டையைச் சுற்றி உளுத்த பட்டையைச் செதுக்கிவிட்டு, குடைந்த வழியிலேயே கம்பியை விட்டுச் சுழற்றி இழுங்கள். கால் இல்லாத, வெள்ளை உடலும் கருந்தலையுமான தடித்த புழு வரும். கம்பிக்கு எட்டாவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே செருகி ஈரக் களிமண்ணால் அடையுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், மாற்று மருந்தும் கிடையாது. வீட்டை ஒட்டிய மரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

புதிதாக முட்டை விழாமல் தடுக்க, தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து 3 அடி உயரம்வரை தாரும் மண்ணெண்ணெயும் 1:2 அளவில் கலந்து பூசுங்கள். பழைய கையேடுகளில் இதற்குக் கார்பரில் என்ற பூச்சிமருந்தை எழுதியிருப்பார்கள். அதை 2018இல் அரசு தடைசெய்துவிட்டது. பக்கத்தில் இலவ மரம் இருந்தால் அதையும் சோதியுங்கள், இந்த வண்டுக்கு அதுவும் பிடிக்கும்.

காய்ந்த கிளையை அறுத்து விறகுக்கென்று கொட்டகையில் அடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் புழு அங்கேயே வளர்ந்து வண்டாக வெளியே வரும். அன்றைக்கே எரித்துவிடுங்கள்.

களிமண் அடைத்த இடத்தை ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத் தூள் தள்ளியிருந்தால் புழு சாகவில்லை. மறுபடியும் கம்பியை எடுக்க வேண்டியதுதான்.