மிஸ்டர் பிக் 'வாட் இஃப்': பழைய நால்வர், 2010 ஆல்பம் – கேள்வி பதில்

சரவணன்: அண்ணா, அமெரிக்க ராக் குழு மிஸ்டர் பிக்கின் 'வாட் இஃப்' ஆல்பத்தை ஏன் 'கம்பேக்' என்கிறார்கள்? இடையில் ஆல்பமே வரவில்லையா?

வந்தன, ஆனால் இந்த நால்வர் சேர்ந்து அல்ல. எரிக் மார்ட்டின் (குரல்), பால் கில்பர்ட் (கிட்டார்), பில்லி ஷீஹன் (பேஸ்), பாட் டார்ப்பி (டிரம்ஸ்) கடைசியாகச் சேர்ந்து செய்தது 1996-ன் 'ஹே மேன்'. பிறகு கில்பர்ட் விலகி ரிச்சி கோட்ஸன் வந்தார். இரண்டு ஆல்பம் போட்டார்கள், 2002-ல் குழு கலைந்தது. 2009-ல் பழைய நால்வரும் மேடையேறினார்கள். 'வாட் இஃப்' ஜப்பானில் 2010 டிசம்பரிலும் மற்ற இடங்களில் 2011 தொடக்கத்திலும் வெளியானது.

நாலு தந்தி: 'அண்டர்டோ' பாட்டில் வரும் பேஸ் ஒலியை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது? டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) போட்டால் கொசகொசவென்று இருக்கிறது.

நல்ல கேள்வி. இந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி நால்வரையும் சேர்ந்து வாசிக்கவைத்து, பிறகு தனித்தனியாகப் பதிவு செய்து மேலே அடுக்குவதைக் குறைத்துவிட்டார். கில்பர்ட் சோலோவுக்குப் போனால் பின்னால் ரிதம் கிட்டார் கிடையாது. அந்தப் பள்ளத்தை பேஸ்தான் நிரப்ப வேண்டும்.

ஷீஹனின் யமஹா ஆட்டிட்யூட் பேஸில் இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி), இரண்டு தனி அவுட்புட். கழுத்தோரம் உள்ள பிக்கப் அடி ஒலியைச் சுத்தமாகத் தரும். நடுவில் உள்ளதுதான் டிஸ்டார்ஷனுக்குப் போகும்.

சாதாரண பேஸில் இப்படிச் செய்யலாம். எஃபெக்ட் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்து, டிராக்கை நகலெடுங்கள். முதல் டிராக்கில் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, 4:1 கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போடுங்கள். இரண்டாவதில் 250-க்குக் கீழே வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு டிஸ்டார்ஷன். வரிசை மாறினால் தாழ்ந்த ஸ்வரம் மற்ற எல்லாவற்றையும் நசுக்கிவிடும். ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி 'பர்ர்' என்று கேட்கும். உங்கள் கொசகொசப்பு அதுதான். அடி ஒலிக்கு டிஸ்டார்ஷன் போடாதீர்கள்.

இரண்டையும் சேர்த்ததும் கனம் குறைந்தால் ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழை) திருப்பிப் பாருங்கள். ஆம்ப் மென்பொருள் சில மில்லிசெகண்ட் தாமதிக்கவும் செய்யும். அலையைப் பெரிதாக்கி முதல் முகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து வையுங்கள்.

கார்த்தி: டிரில்லிங் மெஷினை வைத்து கிட்டார் வாசிப்பார்களே, அது எப்படி?

அது 1991-ன் 'லீன் இன்டு இட்' ஆல்பத்துச் சங்கதி. சிறு மரக்குச்சியின் நுனியில் மூன்று பிக்குகளை (தந்தி மீட்டும் சிறு தகடுகளை) சம இடைவெளியில் ஒட்டி, டிரில்லில் மாட்டினார்கள். செய்துதான் ஆவேன் என்றால் பேட்டரி டிரில், மெதுவான வேகம், தந்தியை லேசாகத் தொட்டால் போதும். அழுத்தினால் முதல் தந்தி அறுந்து முகத்துக்கு வரும். நீள முடி இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். பிக்கப் பக்கத்தில் மோட்டார் வந்தால் இரைச்சல் ஏறும்.

ரம்யா: 'டு பி வித் யூ' கார்ட்ஸ்?

பல்லவி ஈ, ஏ, பி, ஈ. கடைசியில் சுருதி ஜி-க்கு ஏறும்போது ஜி, சி, டி, ஜி. அது பழைய பாட்டு, 'வாட் இஃப்'-இல் இல்லை.

தீபன்: ஃபஸ் பெடல் (அதுவும் ஒருவகை டிஸ்டார்ஷன்) வாங்கலாமா? பேஸுக்குத்தான்.

சுத்த ஒலியைக் கலக்கும் 'பிளெண்ட்' குமிழ் இருந்தால் வாங்கலாம். அடி ஒலிக்கு டிஸ்டார்ஷன் வேண்டாம் என்று மேலேயே சொல்லியாகிவிட்டது.

விக்கி: டிரில் எந்த பிராண்ட்?

மக்கீட்டா. அடுத்த கேள்வி.

முரளி: 2009-க்குப் பிறகு அசல் அணி என்றால் 'வாட் இஃப்' மட்டும்தான். 2014 ஆல்பத்தில் டிரம்ஸ் எல்லாம் கணினியில் அமைத்த புரோகிராமிங். அதை எப்படி நால்வர் ஆல்பம் என்று கணக்கில் சேர்ப்பது?

டார்ப்பிக்கு பார்க்கின்சன் நோய் வந்திருந்தது. அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் புரோகிராமிங் வேலையில் அவரே இருந்தார். எந்த அடி எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் டிரம்மர். சுற்றுப்பயணத்தில் மாட் ஸ்டார் வாசித்தார், அது வேறு கணக்கு.

முரளி: கை வாசிக்காவிட்டால் டிரம்ஸ் இல்லை சார்.

நாலு தந்தி: அப்படிப் பார்த்தால் கிளிக் (காதில் கேட்கும் தாளத் துடிப்பு) வைத்து வெட்டி ஒட்டிய ஆல்பங்களை என்ன செய்வது?

சரியான பிடி. முரளி, உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: ஹை-ஹேட்டை (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) கேளுங்கள். கையால் வாசித்தால் ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் வேறு அழுத்தத்தில் விழும், பாதி திறந்த 'ஷ்ஷ்' நீளம் மாறிக்கொண்டே இருக்கும். புரோகிராமிங்கில் அதைக் கொண்டுவருவது கடினம். ஆனால் குரலை மறந்துவிட்டீர்கள். இந்தக் குழுவில் நால்வரும் பாடினார்கள். கோரஸில் டார்ப்பியின் குரலை எடுத்துவிட்டால் ஓட்டை தெரியும். அதை எந்த மென்பொருளும் தட்டித் தரவில்லை.

2017-ன் 'டிஃபையிங் கிராவிட்டி'யில் டார்ப்பியும் மாட் ஸ்டாரும் சேர்ந்து டிரம்ஸ். 2018 பிப்ரவரியில் டார்ப்பி காலமானார். 2024-ன் 'டென்' ஆல்பத்தில் வேறு டிரம்மர். நால்வர் கணக்கு 2017-உடன் முடிந்தது.

முரளி: 2011-உடன் என்பேன்.

சொல்லிக்கொள்ளுங்கள்.

அருண்: தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். டிரில் வைத்து பேஸ் வாசிக்க முடியுமா?

ஷீஹன் வாசித்தார். முறை கார்த்திக்குச் சொன்னதேதான். முடியைக் கட்டுங்கள்.