பிளேட்லெட் கம்மி, அப்புறம் ஏன் ரத்தம் உறையாத மருந்து?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆப்பரேஷன் முடிஞ்சு எட்டு நாள் ஆகுது. ரெண்டு லட்சத்துக்கு ஏறின பிளேட்லெட் இப்ப எண்பதாயிரத்துக்கு வந்துடுச்சு, ஹெப்பாரின் ஆன்டிபாடி டெஸ்ட்டும் பாசிட்டிவ். ஹெப்பாரினை நிறுத்திட்டு, ரத்தம் உறையாம இருக்க வேற மருந்து ஏத்துறாங்க. ரத்தம் கசியாதா டாக்டர்?

பதில்: பயப்படுறது நியாயம் தான், பிளேட்லெட் கொறஞ்சா ரத்தம் கசியும்னு தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா ஹெப்பாரினால பிளேட்லெட் கொறையுற இந்த நோய்ல (HITனு சொல்வாங்க) ரத்தம் கசியுறதை விட உறையுறது தான் பெரிய ஆபத்து. ஆப்பரேஷன்ல ஹார்ட்-லங் மெஷினுக்காக ஹெப்பாரின் நிறைய குடுப்பாங்க, பிளேட்லெட்டுல இருந்து வெளிய வர்ற பிஎஃப்4ங்கிற புரதம் அதோட ஒட்டிக்கும், அந்த ஜோடியை உடம்பு அந்நியப் பொருள்னு நெனச்சு ஆன்டிபாடி தயார் பண்ணிடும், அது சில பேருக்கு பிளேட்லெட்டையே தூண்டி விட்டு கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி உண்டாக்கிடும். பிளேட்லெட் அதுல செலவாகுறதால தான் கணக்கு இறங்குது.

டெஸ்ட் பாசிட்டிவ்ங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. இதய ஆப்பரேஷன் ஆனவங்கள்ல பாதிப்பேர் வரைக்கும் இந்த ஆன்டிபாடி வரலாம், நோயா மாறுறது 100ல 1 முதல் 3 பேருக்குத்தான். ஆப்பரேஷன் ஆன முதல் ரெண்டு மூணு நாள் பிளேட்லெட் எல்லாருக்கும் தான் இறங்கும், தானா ஏறிடும். ஏறினது 5லேர்ந்து 10 நாளுக்குள்ள மறுபடி பாதிக்கு மேல விழுந்தா தான் எங்களுக்கு சந்தேகம் வரும், உங்க அப்பாவுக்கு நடந்தது அப்படியே அது, அதனால அவங்க மருந்தை மாத்தினது சரி தான்னு எனக்குத் தோணுது.

ஒண்ணு மட்டும் நீங்களே கேட்டுடுங்க, ஊசி லைனை கழுவ ஹெப்பாரின் கலந்த தண்ணி விடுறாங்களான்னு, அந்தத் துளி கூட இப்ப ஆகாது. ரத்தம் உறையாம இருக்க குடுக்கிற வார்ஃபரின் மாத்திரையும் அவசரப்பட்டு ஆரம்பிக்க மாட்டாங்க, பிளேட்லெட் ஒண்ணரை லட்சம் தாண்டணும், முன்னாடியே குடுத்தா உறையுறது இன்னும் அதிகமாகி தோல் கூட அழுகிப் போகலாம்.

இந்த ஆன்டிபாடி பெரும்பாலும் மூணு மாசத்துல மறைஞ்சிடும், ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில ஹெப்பாரினால இப்படி ஆச்சுன்னு எழுதச் சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, விரல் நீலமானாலோ ராத்திரியா இருந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.