வேலியோரம் தேங்காய் மணக்கும் மஞ்சள் பூ: வளர்க்கலாமா?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். ஓரத்தில் ஆளுயர முட்புதர் நிற்கிறது. மஞ்சள் பூ, நல்ல தேங்காய் வாசனை. காட்டெருமை நுழையாமல் இருக்க இதையே உயிர்வேலியாக வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது கோர்ஸ் செடி. இலையே முள்ளாகி, பூவுக்குத் தேங்காய் மணமும் இருந்தால் சந்தேகமே இல்லை. (முள் இல்லாமல் பச்சைக் குச்சிகளாக வளர்ந்து மஞ்சளாகப் பூப்பது ஸ்காட்ச் புரூம். அதையும் வளர விடாதீர்கள்.) இரண்டும் அவரைக் குடும்பத்துச் செடிகள், ஐரோப்பாவிலிருந்து வந்தவை. வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்வதால் வளமில்லாத மண்ணிலும் செழித்து, சோலையை ஒட்டிய புல்வெளியை மூடிவிடுகின்றன. நியூசிலாந்தில் குடியேறியவர்கள் கோர்ஸை வேலிக்காகத்தான் நட்டார்கள். இன்று அங்கே அது பெரும் களை.

வெட்டுவது எளிது, ஒழிப்பதுதான் கடினம். வெயிலில் காய் வெடித்து விதை சில மீட்டர் தூரம் தெறிக்கும். மண்ணுக்குள் அந்த விதை முப்பது ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அதனால் காய் முற்றுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கலாம். தடித்த கையுறை கட்டாயம். பெரிய புதரைத் தரையொட்டி வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். துளிரைக் கண்டதும் வெட்டுங்கள், முடிந்தால் அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள். காய் பிடித்துவிட்ட கிளைகளைச் சாக்கில் கட்டித்தான் நகர்த்த வேண்டும். களைக்கொல்லி வேண்டாம் என்பேன். சரிவில் அடிப்பது மழையோடு ஓடைக்குப் போய்விடும்.

தீ மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள இந்தச் செடி குப்பென்று பற்றும். 1936இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பேண்டன் என்ற ஊர் எரிந்து போனதற்கு ஊரைச் சுற்றி மண்டியிருந்த கோர்ஸ் ஒரு முக்கியக் காரணம். அதோடு, தீயின் சூட்டில் விதையின் கடினத் தோல் பிளந்து ஒரே நேரத்தில் ஏராளமாக முளைக்கும்.

முள்வேலிதான் வேண்டுமென்றால் ஊசிக்களா நடுங்கள். நீலகிரியில் இயல்பாகவே வளரும் செடி; அதுவும் மஞ்சளாகப் பூக்கும், முள்ளும் உண்டு, பழத்துக்குப் பறவைகள் வரும். ஆனால் வளர நாளாகும். எந்த உயிர்வேலியும் காட்டெருமையை முழுதாகத் தடுத்துவிடாது. கோர்ஸை எடுத்த இடத்தில் புல் பிடிக்கும்வரை, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று நடந்து முளைத்தவற்றைப் பிடுங்கிவிடுங்கள்.